மாத்தளை மலைகளும் பண்பலை டியூனரும்

கொழும்பில் 1925 டிசம்பர் 16ஆம் நாள் முறைப்படி தொடங்கிய இலங்கை வானொலி, இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக ஏக்கலவில் நிறுவப்பட்ட சிற்றலை நிலையம் அரசின் கைக்கு வந்தபின், 1949இல் ரேடியோ சிலோன் ஆகி, தமிழகத்திலும் பெருந்திரளான நேயர்களைப் பெற்றது. அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலைக்கு மலைகள் பெருந்தடையாக இருக்கவில்லை. ஆனால் ஒலிக்கேற்ப அலையின் அதிர்வெண்ணை மாற்றும் பண்பலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால், மாத்தளைக்கு வடக்கே ஏ9 வீதியிலுள்ள பலாபத்வல போன்ற மலைசூழ் ஊர்களில் ஏரியலின் உயரமும் திசையும் முதன்மை பெறுகின்றன.

ஒலிபெருக்கியின்றி அலைவாங்கும் பகுதியை மட்டும் கொண்ட பழைய டியூனரில், ஏரியல் கம்பியைப் பின்புறத் திருகுகளில் இணைத்து, வலிமைகாட்டியின் முள் உச்சத்தையும் மையங்காட்டியின் முள் நடுக்கோட்டையும் தொடும்வரை குமிழைத் திருப்ப வேண்டும். 1961இல் அமெரிக்கா ஏற்ற ஸ்டீரியோ முறைப்படி ஒலிபரப்புடன் வரும் 19 கிலோஹெர்ட்ஸ் வழிகாட்டித் தொனியை இனங்கண்டதும் சிறுவிளக்கு எரியும். இடவலச் செவிகளுக்குரிய ஒலிகளின் வேறுபாடு 38 கிலோஹெர்ட்ஸ் துணையலையில் ஏறிவருவதால், அலை நலிந்த இடத்தில் இரைச்சல் மிகும். அப்போது மோனோவுக்கு மாற்றினால் இரைச்சல் தணியும்.

1990களில் தனியார் நிலையங்கள் தோன்றிப் பண்பலை பரவியபின் மற்றொரு சிக்கலும் தெரியவந்தது. இலங்கையின் பண்பலை வரிசை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை அமைய, ஜப்பானின் உள்நாட்டுக் கருவிகள் 76 முதல் 90 வரை மட்டுமே எட்டியதால், அங்கிருந்து வந்த பழைய டியூனர் எத்துணைத் தரமானதாயினும் பெரும்பாலான நிலையங்களைப் பிடிக்க இயலாததாயிற்று.