அகமதாபாத்தின் மழைநீர்த் தொட்டிகள்

நாம் குடியேறி வாழும் இந்த அகமதாபாத் நகரம் 1411-ஆம் ஆண்டில் சுல்தான் அகமது ஷாவால் சபர்மதியின் கரையில் நிறுவப்பெற்றது. ஆற்றங்கரை நகரமாயினும் நல்ல நீர் இதற்கு எளிதில் வாய்க்கவில்லை. சபர்மதியோ அக்காலத்தில் மழைக்காலத்தில் பெருகிக் கோடையில் மணற்பரப்பாகிவிடும் இயல்பினதாக இருந்தது. கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்புடையது. ஆகவே, வசதியுடைய இல்லத்தார் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் வானின் கொடையையே நாடினர்.

பழைய நகரில் ஒரே வாயிலுக்குள் நெருங்கி அமைந்த தெருக்களைப் ‘போள்’ என்பர். அங்குள்ள பெரிய வீடுகளின் நடுமுற்றத்தின் அடியில், சுண்ணாம்புச் சாந்து பூசிய நிலவறை ஒன்று இருக்கும். அதுவே ‘டாங்கா’ எனப்படும் மழைநீர்த் தொட்டி. கூரையில் விழும் நீர் குழாய் வழியே இறங்கி அதனுள் சேரும். போர்பந்தரில் காந்தியடிகள் பிறந்த இல்லத்திலும் இத்தகைய தொட்டி உண்டு.

இத்தொட்டியைக் காத்த முறை போற்றத்தக்கது. மழைக்கு முன்னரே கூரையைத் துப்புரவு செய்வர். முதல் மழையை உள்ளே விடாது வெளியே ஒழுகவிடுவர். கதிரவன் மக நட்சத்திரத்தில் நிற்கும் ஆகஸ்டுப் பிற்பகுதியின் மழையே மிகத் தூயது என்பது குஜராத்தியர் கொள்கை. அதற்குள் வானத்துத் தூசியும் கூரையின் அழுக்கும் பன்முறை கழுவப்பட்டிருக்குமன்றோ? ஒளி புகாத தொட்டியில் பாசி படராது. மழைநீர் மென்னீராதலின் பருப்பும் விரைவில் வேகும்.

எனினும், இம்முறையின் குறைகளையும் மறைத்தல் வரலாறாகாது. தொட்டி கட்டப் பொருள் வேண்டும். அதற்குமேல் சொந்த வீடும் வேண்டும். மழை எல்லார்க்கும் பொதுவாகப் பெய்தாலும், அதனைத் தேக்கி வைக்கும் பேறு சிலருக்கே கிட்டியது. ஏனையோர் ஆற்றையும் கிணற்றையுமே நம்பினர். கழிவுக் குழிகளுக்கு அருகிலிருந்த கிணறுகளில் அழுக்கு ஊறி நோய் பரவிற்று. மூடாத தொட்டியோ கொசுவின் இல்லமாயிற்று. மும்பையில் மலேரியாவை ஆராய்ந்த பென்ட்லி என்னும் மருத்துவர், வீட்டுக் கிணறுகளும் தொட்டிகளும் அந்நோய்க்குக் காரணமான கொசுவின் பிறப்பிடமாவதை 1911-இல் எடுத்துக்காட்டினார்.

இந்நகரின் முதற் பஞ்சாலையை நிறுவிய ரண்சோட்லால் சோட்டாலால் நகராட்சித் தலைவராக விளங்கிய காலத்தில், பலருடைய எதிர்ப்புக்கிடையே, 1891-இல் தூதேஷ்வரிலிருந்து குழாய் நீர் வந்தது. தொட்டியில்லாத வீட்டுக்கும் நல்ல நீர் எட்ட வழி பிறந்தது. இது பெரும் நன்மையே. ஆனால், குழாய் வரவரக் கூரை கழுவும் வழக்கம் தளர்ந்தது. தொட்டிகள் பல தூர்ந்தன. இன்று நகரத்தின் பெருந்தேவையை நெடுந்தொலைவிலிருந்து வரும் நர்மதை நீர் நிறைவேற்றுகிறது.

நம்மைப் போன்ற குடியிருப்பினர்க்கு இதனாற் பயன் யாது? ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 100 சதுர மீட்டர் மாடியில் ஆண்டுக்கு 750 மில்லிமீட்டர் மழை பெய்தால் 75,000 லிட்டர் விழும். வீணாவது போக 60,000 லிட்டராவது சேரும். ஐந்து குடும்பங்கள் பகிர்ந்துகொண்டால் குடும்பத்திற்கு 12,000 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 50 லிட்டர் எனக் கொண்டால், மழையற்ற எட்டு மாதங்களுக்கு அது போதும்.

ஆயினும், அவ்வளவு நீரைத் தேக்க 60 கன மீட்டர் தொட்டி வேண்டும். கட்டி முடிந்த வீட்டின் கீழ் அதனைத் தோண்டுதல் அரிது. மாடி நீரை வடிகட்டி நிலத்துள் இறக்குவது எளிய வழி. தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டின் சட்டம் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, பெரும்பாலோர் கைக்கொண்டது இவ்வழியே. அங்கும் ஆண்டுதோறும் வடிகட்டியைத் துப்புரவு செய்யாத வீடுகளில் வண்டல் அடைத்து நீர் இறங்காமல் நின்றது.

சட்டமும் சாந்தும் தொட்டியை அமைக்கும். அதனைப் பேணுவது வீட்டாரின் கையே. குழாய் நீரைக் கைவிட வேண்டுவதில்லை. வான்நீரையும் வீணாக்க வேண்டுவதில்லை. வரும் ஆனி பிறக்குமுன் நம் குடியிருப்புகளில் மாடியைக் கழுவும் பொறுப்பையும், வடிகட்டியைப் பார்க்கும் பொறுப்பையும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வோமாக.