மகிழ்ச்சி தெளிந்த கதை

தமிழ் இலக்கியம் பயிலும் கல்லூரி மாணவரைத் தூக்கத்தில் எழுப்பி எண்வகை மெய்ப்பாடுகளைக் கேளுங்கள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை எனக் கண் திறவாமலே ஒப்பித்துவிடுவார். தேர்வோடு மறந்துபோகும் அந்த வரிசையைச் சொல்லன்பர்களாகிய நாம் சற்று நின்று பார்த்தால், நாள்தோறும் நம் வாயில் புழங்கும் ‘மகிழ்ச்சி’ அதில் இல்லை என்பது தட்டுப்படும். உள்ளத்து உணர்வு மெய்யில் படுவதை மெய்ப்பாடு என்று சுட்டும் தொல்காப்பியம், இன்பத்துக்குரிய இடத்தில் உவகையை அமர்த்தி, அது செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கில் பிறக்கும் என்கிறது. இவற்றுள் புலனைக் கல்வியின் பயனாகிய அறிவு என்றும், விளையாட்டை ஆறும் குளமும் சோலையும் ஆடி ஊர் கடந்து திரிந்து வருவது என்றும் அந்நூலின் பழைய உரையாசிரியரான பேராசிரியர் விளக்குவார். வகுப்பில் இருப்பதும் உவகைக்கே, வகுப்பைவிட்டு ஊர் சுற்றுவதும் உவகைக்கே என்று ஒரு மாணவர் வாதிட்டால், உரையாசிரியர் அவர் பக்கம்தான் நிற்பார்.

அப்படியானால் மகிழ்ச்சி எங்கே இருந்தது? கள்ளோடு இருந்தது. மகிழ் என்னும் அடி பழந்தமிழில் கள்ளுண்டு களித்தலையும் அக்களிப்பையும் கள்ளையுமே குறிக்கும். வேந்தன் காலைப் பொழுதில் கள்ளருந்திப் பாணர் சூழ வீற்றிருந்த அவைக்கு நாண்மகிழ் இருக்கை என்று பெயர். மலையமான் திருமுடிக்காரியைக் கபிலர் பாடிய புறநானூற்றின் 123ஆம் பாட்டை இன்றைய செவியோடு கேட்பவர் இங்கேதான் இடறுவார். காலையிலேயே கள்ளுண்டு நாண்மகிழில் திளைத்திருந்தால் தேரைத் தூக்கிக் கொடுப்பது யார்க்கும் எளிது. காரியோ ‘மகிழாது’ ஈத்தவன், அவன் ஈந்த தேர்கள் முள்ளூர் மலைமேல் பெய்த மழையின் துளிகளினும் பல என்கிறார். மகிழாது ஈத்தான் என்றால் முகம் சுளித்துக்கொண்டு கொடுத்தான் என்றல்லவா நமக்குப் படுகிறது? கபிலருக்கோ அது உச்சப் புகழ்: மயக்கம் தலைக்கேறாமல், கொடுப்பது இன்னதென்று அறிந்தே கொடுத்தான். ஓர் எதிர்மறை வினையெச்சத்துக்குள் ஒரு வள்ளலின் இயல்பு முழுவதையும் அடக்கிவிட்ட புலமை இது!

வள்ளுவரிடத்தும் இச்சொல்லில் கள்ளின் மணம் போகவில்லை. கள் உண்டவர்க்கே மகிழ் தரும், கண்ட அளவிலேயே தருவது காமம்தான் என்று 1090ஆம் குறளில் அவர் சொல்லும்போது, அந்த மகிழ் கிறுகிறுப்பேயன்றி வேறில்லை. பொச்சாவாமை அதிகாரத்தின் முதற் குறளில் உவகையும் மகிழ்ச்சியும் அடுத்தடுத்து நிற்கின்றன. மிக்க உவகையில் வந்த மகிழ்ச்சியால் நேரும் சோர்வு, அளவிறந்த சினத்தினும் தீது என்பது கருத்து. இரண்டும் ஒரு பொருளே எனக் கடந்துபோவாரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உவகை உள்ளத்து உணர்வு, மகிழ்ச்சி அது தலைக்கேறிய நிலை. தன் மகனைச் சான்றோன் எனப் பிறர் சொல்லக் கேட்ட தாய்க்கு வள்ளுவர் தேர்ந்த வினையும் மகிழ்தல் அன்று, உவத்தலே. மருதத்துத் தலைவி ‘மகிழ்ந’ என்று கணவனை விளிக்கும்போது, பரத்தையர் சேரியில் அவன் உண்ட கள்ளையும் சேர்த்தே குத்துகிறாளோ என்று எனக்கு ஓர் ஐயம்.

காலம் செல்லச் செல்ல மகிழ்ச்சி தெளிந்தது. கள்ளின் மயக்கத்தைப் போதை என்னும் சொல்லிடம் ஒப்படைத்துவிட்டு, வாழ்த்து மடலுக்கும் வரவேற்புரைக்கும் ஏற்ற நன்மகனாய் நடமாடத் தொடங்கியது. வீட்டுப் பேச்சிலோ, வடமொழியில் போதுமென்ற மனநிறைவைக் குறித்த சந்தோஷமும், பாரசீகக் குஷியும், ஆங்கில ஜாலியும் இடம்பிடித்துக்கொண்டன. 2016இல் வந்த ‘கபாலி’ படத்தில் ரஜினிகாந்த் மகிழ்ச்சியைத் தனிச்சொல்லாய் நிறுத்திச் சொன்ன பிறகு, கல்லூரி வாசல் தேநீர்க் கடையில்கூட நன்றிக்கும் சம்மதத்துக்கும் விடைபெறுவதற்கும் ‘மகிழ்ச்சி’ ஒன்றே போதும் என்றாயிற்று. ஒலியும் அதற்குத் துணை: ழகரத்தில் நா மடிந்து, இரட்டித்த சகரத்தில் அண்ணத்தை அழுத்தி, இகரத்தில் முடிகையில் இதழ்கள் தாமே விரிந்து சிரிப்பின் வடிவை அடைந்துவிடுகின்றன.

உவகைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அது ஏட்டில் ஒதுங்கிவிட்டது. ஆயினும் அதன் வினை சாகவில்லை. ‘காய்தல் உவத்தலின்றி’ நடுநிலை பேசுகிறோம். திருவிழா அறிக்கையில் நன்கொடையாளர் பெயருக்கு முன் ‘மனமுவந்து அளித்த’ என்று அச்சிடுகிறோம். அந்த இடத்தில் ‘மகிழ்ந்து’ என்று போட நமக்குக் கை வருவதில்லை. கபிலர் எதிர்மறையில் சொன்னதை உடன்பாட்டில் சொல்ல நமக்கு வாய்த்த தொடர் அதுதான்: காரி மனமுவந்து ஈத்தான்.