அரிசோனா-சோனோரா பாலைவன அருங்காட்சியகம்

அரிசோனா-சோனோரா பாலைவன அருங்காட்சியகம் ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகருக்கு மேற்கே அமைந்துள்ளது. இது 1952 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அருங்காட்சியகம் என்று அழைக்கப்பட்டாலும், இதன் பெரும்பகுதி திறந்தவெளியில் அமைந்த உயிரியல் பூங்காவும் தாவரவியல் பூங்காவும் ஆகும். சிங்கம், யானை போன்ற வேற்றுக்கண்ட விலங்குகள் இங்கில்லை. பூமா, கிலா நச்சுப்பல்லி, சகுவாரோ கள்ளி முதலிய சோனோரா பாலைவனப் பகுதிக்குரிய உயிரினங்களே காட்சிக்கு உள்ளன.

கிலுகிலுப்பைப் பாம்புகள்

இவை விரியன் குடும்பத்தைச் சேர்ந்த நச்சுப்பாம்புகள். வால் நுனியிலுள்ள கிலுகிலுப்பை, மனித நகத்தில் காணப்படும் கெரட்டின் என்னும் பொருளாலான வளையங்களைக் கொண்டது. வாலை அதிர்க்கும்போது வளையங்கள் ஒன்றோடொன்று மோதி ஒலி எழுப்புகின்றன. இவ்வொலி நெருங்க வேண்டாம் என்னும் எச்சரிக்கையாகும். எனினும் அச்சத்தால் இப்பாம்புகளைக் கண்டவுடன் கொல்வோர் பலர்.

தோலுரிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வளையம் கூடுகிறது. ஓராண்டில் பலமுறை தோலுரிவதாலும் நுனி வளையங்கள் உடைந்துவிடுவதாலும் வளையங்களை எண்ணி வயதை அறிய இயலாது. கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் இடையிலுள்ள குழி வெப்பத்தை உணர்வதால், இவை இருளிலும் எலிகளைப் பிடிக்கின்றன.

பாதுகாப்பு

காடுகளில் ஏறத்தாழ அழிந்துபோன மெக்சிக்கோ ஓநாயைக் காக்கும் இனப்பெருக்கத் திட்டத்தில் இவ்வருங்காட்சியகம் பங்கு கொண்டது. 1998 இல் இவ்வோநாய்கள் அரிசோனாவில் மீண்டும் காட்டில் விடப்பட்டன. கிலா நச்சுப்பல்லியின் நஞ்சில் கண்டறியப்பட்ட பொருளை அடிப்படையாகக் கொண்ட எக்செனடைட் என்னும் நீரிழிவு மருந்து 2005 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

பார்வையிடல்

கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடப்பதுண்டு. ஆகையால் காலை நேரமே பார்வையிட உகந்தது. சுற்றுப்புறப் பாலைவனத்திலும் கிலுகிலுப்பைப் பாம்புகள் இயல்பாக வாழ்வதால், பாதையை விட்டு விலகாதிருத்தலும் பாறையிடுக்குகளில் கை வைக்காதிருத்தலும் நன்று.