ஐயத்துக்கும் இடம் தந்த விஞ்ஞானி



பிரிக்பீல்ட்ஸ் மருந்துக்கடைகளில் ‘கொலாஜன்’ என்று எழுதிய டப்பாக்களைப் பார்த்திருப்பீர்கள். நம் தோல், எலும்பு, தசைநார் ஆகியவற்றுக்கு வலுவூட்டும் புரதம் அது. அதன் வடிவத்தை விளக்கியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இருவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர்களில் மூத்தவர் ஜி. என். இராமச்சந்திரன். 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூரில் சர் சி. வி. இராமனிடமும், பின்னர் கேம்பிரிட்ஜிலும் பயின்றவர். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானார். அங்கே வந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்றார். இராமச்சந்திரன் அந்தக் கேள்வியை விடவில்லை. கங்காரு வாலின் தசைநாரை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தார். 1954-இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினர். அந்த இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக் கொண்டிருப்பதை அடுத்த ஆண்டு காட்டினர். கிள்ளான் துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் முப்புரி வடத்தை நினைத்துக் கொள்ளுங்கள், ஏறக்குறைய அதுதான்.

உடனே மறுப்பும் வந்தது. டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும், அவருடன் அலெக்சாண்டர் ரிச்சும், இந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றனர்.

இராமச்சந்திரன் கோபித்துக் கொண்டு ஒதுங்கவில்லை. அப்படியானால் அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று கேட்டார். சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோருடன் கணக்கிட்டு, 1963-இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். புரதச் சங்கிலி ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு கோணங்களில் திரும்புகிறது. எந்தத் திருப்பம் இயலும், எது இயலாது என்பதை அந்தப் படம் காட்டிவிடும். இன்றும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்டாலும், ‘இராமச்சந்திரன் வரைபட’த்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். மறுப்பு வந்திராவிட்டால் இந்த வரைபடம் பிறந்திருக்குமா?

பிற்காலத்தில் அவர் மனம் இயற்கணிதத்தின் பக்கம் திரும்பியது. பள்ளியில் நாம் படித்த எண் கணக்கு அல்ல இது. ‘ஆம்’, ‘இல்லை’ என்ற வாக்கியங்களையே கூட்டவும் பெருக்கவும் செய்யும் பூலியன் இயற்கணிதம். 1980-களில் அவர் தர்க்கத்தை அணிகளால் எழுதிக் காட்டினார். அதில் உண்மை, பொய் இரண்டோடு ‘ஐயம்’ என்ற நிலைக்கும் தனி இடம் கொடுத்தார். 2001-இல் சென்னையில் காலமானார்.

நம் பிள்ளைகள் மாலைதோறும் பிரத்தியேக வகுப்புக்குப் போகிறார்கள். எஸ்.பி.எம். தேர்வில் எத்தனை ‘ஏ’ என்று எண்ணுகிறோம். “எனக்கு இது சந்தேகமாக இருக்கிறது” என்று கை தூக்கும் பிள்ளையை என்ன செய்கிறோம்? உட்காரச் சொல்கிறோமா, மேலே பேசச் சொல்கிறோமா? பெற்றோர்களே, ஆசிரியர்களே, இதற்கான பதில் நம் கையில்தான் இருக்கிறது.