முடிந்த கதைக்குள் மறுபடியும்: வீடியோ கேம் விரிவாக்கங்களில் துக்கமும் வழியனுப்புதலும்

கதை சொல்லும் வீடியோ கேம் ஒன்று வெளிவந்து சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ, அதே உலகத்தில் நடக்கும் இன்னொரு கதைப் பகுதி தனியாக வருவதுண்டு. விளையாடுபவர்கள் இதை டிஎல்சி என்பார்கள். நான் விரிவாக்கம் என்கிறேன். முதல் விளையாட்டு விற்ற சூட்டில் இன்னும் கொஞ்சம் காசு பார்க்கும் உத்தி என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் துக்கத்தைப் பற்றி இந்தக் கலை சொன்ன ஆழமான சில செய்திகள் இந்த ஒட்டுப் பகுதிகளில்தான் இருக்கின்றன. இது தற்செயல் அல்ல என்பது என் வாதம். மூலக் கதை முடிந்துவிட்டது. யார் செத்தார், யார் மிஞ்சினார் என்பது விளையாடுபவருக்குத் தெரியும். முடிவு தெரிந்தவரின் கையில் திரும்பவும் கதையைக் கொடுக்கும்போது, 'அடுத்து என்ன' என்ற கேள்வி விழுந்துபோகிறது. 'இனி என்ன செய்வது' என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. இழவு வீட்டில் இருப்பவர்களின் கேள்வியும் அதுதான்.

அந்தக் கேள்விக்கு நம் சமூகங்கள் சொன்ன விடை செயல்களால் ஆனது. மும்பையில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்ப் பிராமணக் குடும்பங்களில் பத்து நாள் பிண்டம், பன்னிரண்டாம் நாள் சபிண்டீகரணம், பதின்மூன்றாம் நாள் சுபம் என்று வரிசை உண்டு. மாட்டுங்காவிலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருக்கும் தாராவியில் பல குடும்பங்களுக்குப் பதினாறாம் நாள் காரியம். சாதியும் சடங்கும் வேறு. ஆனால் துக்கத்தை நாள் கணக்காகப் பிரித்து, ஒவ்வொரு நாளுக்கும் கைக்கு ஒரு வேலை கொடுப்பது இரண்டுக்கும் பொது. நடுகல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்ற ஆறு நிலைகளும் அப்படிப்பட்டவையே. கல்லைத் தேடுவது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படைப்பது, வாழ்த்துவது. அழுவது எப்படி என்று அந்த வரிசை சொல்வதில்லை. என்ன செய்வது என்று சொல்கிறது.

வீடியோ கேமும் செயல்முறையால் பேசும் கலை. ஒரு விளையாட்டின் விதிகளே அதன் வாதம் என்று இயான் போகோஸ்ட் 2007இல் எழுதிய நூலில் விரிவாக நிறுவினார். இதைத் துக்கத்துக்குப் பொருத்தினால் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. துக்கம் வசனத்தில் மட்டும் இருக்கிறதா, விளையாடுபவரின் விரல் வரை இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

முடிவு தெரிந்த கதையைக் கேட்பதற்கு நமக்கு இன்னும் நெருக்கமான மாதிரி வில்லுப்பாட்டு. தாராவித் தமிழர்களில் பெரும்பகுதியினர் பழைய திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்களின் வழியினர். தோல் பதனிடும் தொழில் அவர்களில் பலரை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்கென்று தாதரில் சாளுக்கியா எக்ஸ்பிரஸைப் பிடிப்பவர்களுக்கு முத்துப்பட்டன் கதை புதிதல்ல. மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டு அவன் மடிவான் என்பது பாட்டுத் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், அதன் கதைகளைப் பிறப்பைப் பாடுபவை, இறப்பைப் பாடுபவை என்று பிரித்தார். அகாலமாய், வன்மமாய்ச் செத்தவர்களின் கதைகள் கொடையின் உச்ச நேரத்தோடு பிணைந்தவை. அங்கே கதை தகவலுக்காகச் சொல்லப்படுவதில்லை. செத்தவரை வரவழைத்து, சாமியாடியின் உடம்பில் நேருக்கு நேர் சந்தித்து, கேட்டதைக் கொடுத்து, பிறகு மலையேறச் செய்வதற்காகச் சொல்லப்படுகிறது. வரவழைப்பது, சந்திப்பது, அனுப்புவது: இந்த மூன்றையும் எந்த விரிவாக்கம் எவ்வளவு தூரம் செய்கிறது என்று பார்க்கலாம்.

2014 பிப்ரவரி 14இல் வந்த 'த லாஸ்ட் ஆஃப் அஸ்: லெஃப்ட் பிஹைண்ட்' வரவழைப்பதில் நிகரற்றது. எல்லி என்ற பதினான்கு வயதுப் பெண்ணின் தோழி ரைலி. தொற்றுக்குள்ளானவர்கள் கடித்து ரைலி செத்துப்போனாள் என்பதை மூல விளையாட்டின் கடைசி உரையாடலிலேயே கேட்டுவிட்டோம். விரிவாக்கம் இருவரும் பாழடைந்த வணிக வளாகம் ஒன்றில் ஓர் இரவு சுற்றித் திரிந்ததைக் காட்டுகிறது. இடையிடையே, மூல விளையாட்டில் தன்னோடு பயணிப்பவரும் காயம்பட்டுக் கிடப்பவருமான ஜோயலுக்காக எல்லி வேறொரு வளாகத்தில் மருந்து தேடும் பிந்திய காலமும் வருகிறது. முதல் வளாகத்தில் ராட்டினம் இருக்கிறது, புகைப்படக் கூண்டு இருக்கிறது, தண்ணீர்த் துப்பாக்கி விளையாட்டு இருக்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியமானது பழுதாகிப்போன ஒரு சண்டை விளையாட்டு எந்திரம். ரைலி எல்லியைக் கண்ணை மூடச் சொல்கிறாள். எதிராளி எப்படிப் பாய்கிறான், அடி எங்கே விழுகிறது என்று வாயாலேயே சொல்லிக்கொண்டு போகிறாள். நம் திரையில் தெரிவது எல்லியின் முகமும் அதன் மேல் விழும் வெளிச்சமும்தான். சொன்ன பொத்தானைச் சொன்ன நேரத்தில் நாம் அழுத்துகிறோம். இல்லாத சண்டையில் எல்லி ஜெயிக்கிறாள்.

விளையாட்டுக்குள் வைக்கப்பட்ட இந்த விளையாட்டு, துக்கத்தின் இயக்கத்தையே செய்து காட்டுகிறது. எந்திரம் செத்துவிட்டது, ஒரு குரல் அதை நடத்துகிறது, அந்தக் குரலுக்குரியவளும் சாகப்போகிறாள் என்பது அழுத்திக்கொண்டிருக்கும் கைக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு இறந்தவரின் பேச்சைக் கேட்டு நடப்பதை இதைவிடக் கச்சிதமாக இந்தக் கலையில் நான் பார்த்ததில்லை. ஆனால் 'லெஃப்ட் பிஹைண்ட்' ரைலியின் சாவைக் காட்டாமலேயே நின்றுவிடுகிறது. இருவரும் கடிபடுகிறார்கள், இருக்கிற நேரத்தைச் சேர்ந்து கழிப்பது என்று முடிவெடுக்கிறார்கள், அத்தோடு சரி. வில்லுப்பாட்டு தாண்டிச் செல்லும் கட்டத்தை இது தாண்டவில்லை. வரவழைத்தலும் சந்திப்பும் உண்டு, அனுப்புதல் இல்லை. எல்லி ஜோயலை ஏன் அப்படிப் பிடிவாதமாகக் காப்பாற்றுகிறாள் என்பதற்கு இந்த இல்லாமைதான் விளக்கம் என்பதால், இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

அனுப்புதலை முழுதாகச் செய்வது போலந்து நிறுவனமான சிடி ப்ராஜெக்ட் ரெட் 2015 அக்டோபரில் வெளியிட்ட 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்'. 'த விட்சர் 3'இன் முதல் பெரிய விரிவாக்கம் இது. ஓல்கீர்ட் என்ற பிரபு, தீய சக்தி ஒன்றோடு செய்த உடன்படிக்கையால் சாகாவரம் பெற்று நெஞ்சு கல்லாகிப்போனவன். அவன் கைவிட்ட மனைவி ஐரிஸ் வெறிச்சோடிய மாளிகையில் தனியாகச் செத்தாள். அவள் எலும்புகளைக்கூட எடுத்தடக்க ஆளில்லை. கெரால்ட் என்ற நாயகன் அவற்றை முதலில் புதைக்க வேண்டும். அதன் பிறகே அவள் வரைந்த ஓவிய உலகத்துக்குள் வழி திறக்கிறது. அங்கே அவள் வாழ்க்கையின் கட்டங்கள் உறைந்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு பொருள் இடம் மாறிக் கிடக்கிறது. அதைத் தேடி எடுத்து உரிய இடத்தில் வைத்தால்தான் அந்த நினைவு அசையத் தொடங்கும். காதல், கல்யாணம், கணவனின் முகத்தில் அன்பு வற்றிப்போன இரவு. வாள் வீசுவதில் கைதேர்ந்த ஒருவனை, பிணம் அடக்கவும் செத்தவள் வீட்டில் சாமான்களை எடுத்து வைக்கவும் பழக்குகிறது இந்தப் பகுதி. மூல விளையாட்டின் விதிகள் இங்கே துக்க வீட்டின் விதிகளாகின்றன.

கடைசியில் ஐரிஸின் கையில் ஓர் ஊதா ரோஜா. கணவன் பிரிந்தபோது கொடுத்தது. அவளை அங்கே நிறுத்தி வைத்திருப்பதே அதுதான். கெரால்ட் அதை வாங்கிக்கொண்டால் அவளும் அந்த உலகமும் கரைந்துபோகும். அவளிடமே விட்டால் துயரத்தோடு சேர்ந்து அவளும் இருப்பாள். எது சரி என்று விளையாட்டு சொல்வதில்லை. வாங்குவதா விடுவதா என்பது விளையாடுபவர் பொறுப்பு.

இந்த இரண்டு வழிகளும் துக்கக் கோட்பாட்டில் எதிரெதிரே நிற்பவை. இறந்தவரிடம் வைத்த பற்றைச் சிறிது சிறிதாகப் பிரித்தெடுப்பதே துக்கத்தின் வேலை என்று ஃப்ராய்ட் 1917இல் எழுதினார். 1996இல் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் மூவரும் தொகுத்த நூல் இதை மறுத்தது. உறவு அறுவதில்லை, உருமாறித் தொடர்கிறது என்றது அது. திதியும் கொடையும் பழகிய நமக்கு இரண்டாவது வாதம் புதுமையாகத் தோன்றாது. ஆனால் தொடரும் உறவு சிறையாகவும் ஆகலாம் என்பதை 2021இல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்: எக்கோஸ் ஆஃப் தி ஐ' காட்டுகிறது. சொந்த உலகத்தைத் தாங்களே அழித்துவிட்டு வந்த ஓர் இனம், அதன் நகலைக் கனவாகச் செய்து, விளக்கொளியில் அதற்குள் புகுந்துகொள்கிறது. உடல்கள் மடிந்த பின்னும் கனவை விட்டு வெளியே வரவில்லை. கூப்பிட்ட சாமி மலையேறாமலே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதுதான் விடை. நமது கொடைகள் உறவைத் தொடரவும் செய்கின்றன, நேரம் குறித்து முடிக்கவும் செய்கின்றன. அடுத்த ஆண்டு வரலாம். இப்போது போக வேண்டும். ஃப்ராய்டும் இந்த மூவரும் தவறவிட்ட நுட்பம் இந்தக் கால வரையறைதான் என்று நினைக்கிறேன்.

2023 டிசம்பரில் இலவசமாகவே வெளியிடப்பட்ட 'காட் ஆஃப் வார் ரக்னராக்: வல்ஹாலா' அப்படியொரு வரையறையைத் தன் விதியாக்கிக்கொண்டது. அதன் நாயகன் க்ரேட்டோஸ் தன் பழைய கொலைகளின் நினைவிடங்களுக்குள் நுழைகிறான், வீழ்கிறான், வாசலுக்குத் திரும்பி மறுபடி நுழைகிறான். ஒரே மூச்சில் முடிக்க முடியாது. குற்றவுணர்ச்சியும் துக்கமும் பின்னிக் கிடக்கும்போது அதைத் தவணை தவணையாகவே தீர்க்க முடியும் என்பதை இந்த அமைப்பு பேசாமலே உணர்த்துகிறது.

இந்தியாவைக் களமாகக் கொண்ட 'அன்சார்ட்டட்: த லாஸ்ட் லெகஸி'யில் இதற்கெல்லாம் வாய்ப்பு இருந்தது. 'அன்சார்ட்டட் 4'இன் விரிவாக்கமாகத் தொடங்கி, வளர்ந்து, 2017 ஆகஸ்டில் தனி விளையாட்டாகவே வந்தது. இந்தியத் தந்தைக்குப் பிறந்த க்ளோயி, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஹொய்சளர் காலத்துப் பிள்ளையாரின் தந்தத்தைத் தேடுகிறாள். அவள் தந்தை கொள்ளையர் கையில் உயிர்விட்டதும் அதே தந்தத்தைத் தேடிப் போனபோதுதான். பேலூரும் ஹளேபீடும் கதைக்குள் வருகின்றன. ஆனால் துக்கம் வசனத்திலேயே நின்றுவிடுகிறது. க்ளோயி தந்தையைப் பற்றிப் பேசுகிறாள். கை வழக்கம்போலப் பாறையில் தொற்றுகிறது, சுடுகிறது, குதிக்கிறது. அப்பாவுக்காக அந்தக் கை வேறெதுவும் செய்வதில்லை.

முடிவில் வெடிகுண்டோடு ஒரு ரயில் நகரத்தை நோக்கி ஓடுகிறது. தந்தத்தை எடுத்துக்கொண்டு தப்பிப் போகாமல் க்ளோயி அதைத் தடுக்கப் போகிறாள். அவள் மனம் மாறியதற்கு அடையாளம் அது. இந்தக் காட்சியை எங்கிருந்து விளையாடுகிறோம் என்பது முக்கியம். 2006 ஜூலை 11 மாலை மும்பையின் மேற்கு ரயில் பாதையில் ஏழு குண்டுகள் வெடித்தன. அவற்றில் ஒன்று மாட்டுங்கா ரோடு நிலையத்தை அடுத்து. தாராவியிலிருந்து தினமும் அந்த நிலையத்தில் ஏறி இறங்குபவர்கள் உண்டு. இந்திய நகரத்துக்குள் வரும் குண்டு ரயில் அவர்களுக்கு வாணவேடிக்கையாக இருக்க முடியாது. க்ளோயியின் தனித் துக்கத்துக்கு உச்சக்கட்டம் தேடிய படைப்பாளிகள், ஓர் ஊரின் பொதுத் துக்கத்தை இரவல் வாங்கி, அதன் பாரம் தெரியாமலேயே கையாண்டிருக்கிறார்கள். அவர்கள் வேண்டுமென்று செய்தார்கள் என்று சொல்லவில்லை. களத்தின் கட்டிடங்களைக் கவனித்த அளவுக்கு அங்கே இறந்தவர்களைக் கவனிக்கவில்லை என்கிறேன்.

செத்தவர்களைத் திரும்ப எழுப்பி விற்பது வணிகம்தானே என்று கேட்கலாம். வணிகம்தான். வில்லடிக்க வரும் குழுவும் கூலி பேசித்தான் வருகிறது. கருமாதிக்கு வருபவர்களும் தட்சிணையோடுதான் திரும்புகிறார்கள். காசு கைமாறுவதால் சடங்கு பொய்யாவதில்லை. வரவழைத்தவரை அனுப்பாமல், ஒவ்வொரு விற்பனைப் பருவத்துக்கும் எழுப்பிக்கொண்டே இருந்தால் பொய்யாகும். விரிவாக்கத்துக்கு மேல் விரிவாக்கம் என்று போகும் தொடர்கள் பலவற்றின் நோய் இதுதான்.

தமிழ் வாழ்க்கையை மையமாகக் கொண்ட 'வெண்பா' பற்றியும் சொல்ல வேண்டும். டொரொண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. விரிவாக்கம் அல்ல, மூன்று மணி நேரம்கூட ஓடாத சிறிய விளையாட்டு. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, தன் தாயின் சமையல் குறிப்பேட்டை வைத்துச் சமைக்கிறாள். ஏடு கறைபட்டும் கிழிந்தும் இருக்கிறது. அழிந்த வரிகளை விளையாடுபவர்தான் ஊகித்து நிரப்ப வேண்டும். புட்டு, இட்லி என்று ஒவ்வொன்றாக அடுக்கும் வேலையிலேயே அம்மா வந்து நிற்கிறாள். பிறகு அதே வேலை தமிழ் சரளமாகப் படிக்க வராத மகன் கவினின் கைக்கு மாறுகிறது. ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோனில் கெரால்ட் செய்ததைத்தான் இவனும் செய்கிறான், அடுப்படியில். மும்பையில் தமிழ் பேசி, தமிழ் படிக்காமல் வளர்ந்த பிள்ளைகள் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நிறையவே உண்டு. பாட்டி எழுதி வைத்துப்போன தாளை அவர்கள் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. துக்கத்தை விதிகளாக மாற்ற வல்ல தமிழ் விளையாட்டு ஒன்று ஏற்கனவே இருக்கிறது. பதினாறாம் நாளும் கொடை இரவும் தெரிந்த ஒருவர் அதன் அடுத்த பகுதியைச் செய்தால், கை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அவருக்கு முன்மாதிரிக்குப் பஞ்சமிருக்காது.