பழைய போர்பன் சுவைப்போர் மரபு

போர்பன் என்பது அமெரிக்காவில், பெரும்பாலும் கென்டக்கி மாநிலத்தில், மக்காச்சோளத்தை முதன்மைத் தானியமாகக் கொண்டு வடிக்கப்படும் விஸ்கி. தானியக் கலவையில் மக்காச்சோளம் குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கப்பட்ட புதிய ஓக் கலத்தில்தான் அதை ஊற வைக்க வேண்டும். 1964இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதைத் தன் நாட்டுக்கே உரிய பொருள் என்று தீர்மானம் நிறைவேற்றியது. இந்த விஸ்கியின் பழைய பாட்டில்களைத் தேடிப்பிடித்து, இன்று கடையில் கிடைப்பவற்றுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்து, கூடியிருப்பவர்களோடு பகிர்ந்து ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கமே இக்கட்டுரையின் பொருள்.

நல்ல ஒயின் பாட்டிலுக்குள்ளும் முதிர்ந்துகொண்டிருக்கும். விஸ்கி அப்படியல்ல. பீப்பாயை விட்டு வெளியே வந்த நாளோடு அதன் வயது நின்றுவிடுகிறது. 1955இல் அடைத்த எட்டு வருட விஸ்கி இன்றைக்கும் எட்டு வருட விஸ்கிதான். ஆகவே பழைய பாட்டிலைத் திறப்பவர் அதிக முதிர்ச்சியைத் தேடுவதில்லை. அந்த ஆலை அந்தக் காலத்தில் எப்படி வடித்தது என்பதைத் தேடுகிறார். அந்தத் தேடலுக்குக் காரணமும் உண்டு. போர்பன் வணிகத்தில் பெயர்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். பெயரை வாங்கியவருக்கு ஆலை கிடைப்பதில்லை, ஈஸ்ட் கிடைப்பதில்லை, சில சமயம் தானியக் கலவைகூடக் கிடைப்பதில்லை. லேபிளில் மட்டும் அதே பெயர், அதே படம். உள்ளே இருப்பது அதேதானா என்பதை நாக்கை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

மூடிய பாட்டிலின் வருகை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் விஸ்கி பீப்பாயாகவே கடைக்கு வந்தது. கடைக்காரர் அதைக் குடுவையில் பிடித்து விற்றார். வழியில் தண்ணீரும் நிறமும் வேறு சிலவும் சேர்ந்துகொண்டன. 1870இல் லூயிவில் நகரத்து ஜார்ஜ் கார்வின் பிரவுன் தன் விஸ்கியை மூடி முத்திரையிட்ட பாட்டிலில் மட்டுமே விற்பது என்று முடிவெடுத்தார். இன்றும் ‘ஓல்ட் ஃபாரஸ்டர்’ என்ற பெயரில் விற்பனையாவது அதுதான். 1897இல் வந்த சட்டம் இன்னும் முக்கியமானது. ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசின் கண்காணிப்புக் கிடங்கில் நான்கு ஆண்டுகளாவது வைத்து, 50 விழுக்காடு ஆல்கஹாலுடன் அடைத்தால் அந்த பாட்டிலின் கழுத்தில் பச்சை நிற அரசு முத்திரைத்தாள் ஒட்டப்படும். வடித்த பருவமும் அடைத்த பருவமும் அதில் ஆண்டோடு அச்சாகியிருக்கும். கலப்படத்தைத் தடுக்க வந்த அந்தத் தாள்தான், பிற்காலச் சுவைஞருக்குப் பிறப்புச் சான்றிதழாகப் பயன்பட்டது.

1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அப்போதும் மருத்துவர் சீட்டு எழுதிக்கொடுத்தால் பத்து நாளைக்கு ஒரு பைன்ட் விஸ்கி வாங்கலாம். அதை விற்க உரிமம் பெற்ற நிறுவனங்கள் ஆறே. மதுவிலக்குக்கு முன் வடித்த சரக்கு பீப்பாயிலேயே கிடந்து, பதினைந்து ஆண்டுகளைக்கூடத் தாண்டி அடைக்கப்பட்டது. அந்தச் சிறிய பாட்டில்கள் இப்போதும் அவ்வப்போது கிடைக்கின்றன. பலவற்றில் மரத்தின் கசப்பு மேலோங்கியிருக்கும். அரிய பொருள் என்பதாலேயே சுவையும் உயர்ந்ததாகிவிடாது என்பதற்கு அவை போதும்.

யாரும் வாங்காத காலம்

இந்த மரபுக்கு வேர் போர்பனின் புகழ்க்காலத்தில் இல்லை. அதன் வீழ்ச்சியில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஷென்லி நிறுவனத்தின் லூயிஸ் ரோசன்ஸ்டீல், கொரியப் போர் நீளும், வடிப்பது தடைப்படும் என்று கணக்குப்போட்டு ஏராளமாக வடித்துக் குவித்தார். போர் முடிந்துவிட்டது. அன்றைய சட்டப்படி எட்டு ஆண்டுகளில் கிடங்குச் சரக்குக்கு வரி கட்டியே தீர வேண்டும். அவர் முன்நின்று வாதாடியதில் 1958இல் அந்தக் கெடு இருபது ஆண்டுகளாக நீண்டது. பத்து, பன்னிரண்டு வயதுப் போர்பன்கள் பரவலாகக் கடைக்கு வந்தது அதற்குப் பிறகே.

அறுபதுகளின் இறுதியில் இளைஞர்களின் நாட்டம் நிறமும் மணமும் இல்லாத வோட்காவின் பக்கம் சாய்ந்தது. 1976இல் அமெரிக்க விற்பனையில் வோட்கா விஸ்கியை முந்தியது. கிடங்குகளில் பீப்பாய்கள் தேங்கின. லேபிளில் போடும் வயது பாட்டிலில் உள்ளவற்றுள் மிக இளையதன் வயதுதான். அதைவிட மூத்ததை ஊற்றினால் சட்டம் கேட்காது. எனவே ஆறு வயது என்று எழுதிய பாட்டிலில் அதைவிட மூத்த சரக்கும் போனது. எழுபதுகள், எண்பதுகளின் மலிவுப் போர்பன்களை இன்றைய சுவைஞர்கள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே காலத்தில் ஆலைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின அல்லது மூடப்பட்டன. இக்கதையின் நடுநாயகம் லூயிவில் அருகே ஷைவ்லியில் 1935இல் திறக்கப்பட்ட ஸ்டிட்செல்-வெல்லர் ஆலை. பெரும்பாலான போர்பன்களில் மக்காச்சோளத்துக்கு அடுத்த தானியம் காரச்சுவை தரும் ரை. ஜூலியன் ‘பாப்பி’ வான் விங்கிள் தலைமையில் நடந்த இந்த ஆலை அதற்குப் பதில் கோதுமையைச் சேர்த்தது. ஓல்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட், டபிள்யூ. எல். வெல்லர், கேபின் ஸ்டில் எல்லாம் இங்கே வடிக்கப்பட்டவை. 1965இல் அவர் இறந்தார். 1972இல் குடும்பம் ஆலையை விற்றது. 1992இல் வடிப்பு நின்றது. 1999இல் பெயர்கள் திசைக்கொன்றாகப் பிரிந்தன. ஓல்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் ஹெவன் ஹில் நிறுவனத்துக்கும், வெல்லர் பஃபலோ டிரேஸ் ஆலையின் உரிமையாளரான சாசரக்குக்கும் போயின. முன்னொரு காலத்தில் மிகுதியாக விற்ற போர்பன்களில் ஒன்றான ஓல்ட் குரோவும், ஓல்ட் கிராண்ட்-டாடும் 1987இல் ஜிம் பீம் கைக்கு வந்தன. ஓல்ட் குரோ பழைய ஆலையை இழந்து ஒரு மலிவு விஸ்கியாகச் சுருங்கியது. ஹெவன் ஹில்லின் கதை வேறு வகை. 1996 நவம்பர் 7 அன்று பார்ட்ஸ்டவுனில் மூண்ட தீயில் அதன் வடிப்பாலையும் சுமார் 90,000 பீப்பாய்களும் அழிந்தன. அதன் பாட்டில்களை ‘தீக்கு முன்’, ‘தீக்குப் பின்’ என்று பிரித்துப் பேசுவது அன்றிலிருந்து வழக்கம்.

சொந்த நாடு கைவிட்டதை ஜப்பான் ஏற்றுக்கொண்டது. எண்பதுகளில் அங்கே போர்பன் மோகம். முதிர்ந்த, காட்டமான சரக்கைக் கேட்டு வாங்கினார்கள். அவர்களுக்கென்றே கென்டக்கியில் தனி லேபிள்கள் அடிக்கப்பட்டன. ஃபோர் ரோசஸின் நிலைமை விநோதமானது. உரிமையாளரான சீகிராம் அந்தப் பெயரில் அமெரிக்கர்களுக்கு மலிவுக் கலவை விஸ்கியை விற்றுவிட்டு, உண்மையான போர்பனை ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பியது. 2002இல் ஜப்பானின் கிரின் நிறுவனம் வாங்கிய பிறகே அது தாய்நாட்டுக் கடைகளுக்குத் திரும்பியது. அமெரிக்கச் சுவைஞர் பலர் தங்கள் ஊர் விஸ்கியின் பழைய பாட்டில்களை டோக்கியோ பார்களில் முதன்முதலாகச் சந்தித்தது இப்படித்தான்.

தூசிப் பாட்டில் வேட்டை

விற்காத பாட்டில்கள் கடைகளின் கீழ்த்தட்டிலும் பின்னறையிலும் பத்து, இருபது ஆண்டுகள் கிடந்தன. விலைச்சீட்டும் பழையதே. தொண்ணூறுகளிலும் புத்தாயிரத்தின் முதல் பத்தாண்டிலும் ஒரு சிறு கூட்டம் சிறுநகரக் கடைகளில் ஏறி இறங்கி இவற்றைத் திரட்டியது. ‘தூசி’ என்பதே அவர்கள் வைத்த பெயர். கடைக்காரருக்கோ பழைய சரக்கு ஒழிந்ததே என்ற நிம்மதி.

காலத்தைக் கணிக்க அவர்கள் வளர்த்துக்கொண்ட அறிவு சுவாரசியமானது. கல்வெட்டு ஆய்வாளருக்கு இருக்கும் பொறுமை அதில் உண்டு. கழுத்தில் முத்திரைத்தாள் இருந்தால் 1985க்கு முந்தையது. பச்சை என்றால் கண்காணிப்புக் கிடங்குச் சரக்கு, சிவப்பு என்றால் மற்றவை. பாட்டிலை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்ற கூட்டாட்சி எச்சரிக்கை கண்ணாடியிலேயே புடைத்திருந்தால் 1935க்கும் 1964க்கும் இடைப்பட்டது. அளவு ‘கால் காலனில் ஐந்தில் நாலு’ என்றிருந்தால் பழசு. 1980 முதல் 750 மில்லிலிட்டர் கட்டாயமானது. கருவுற்ற பெண்களுக்கான அரசு எச்சரிக்கை அச்சாகியிருந்தால் 1989 நவம்பருக்குப் பிந்தையது. பல பாட்டில்களின் அடியில் கண்ணாடி வார்த்த ஆண்டின் கடைசி இரு இலக்கங்கள் இருக்கும். எல்லாவற்றையும்விட உதவுவது ஆலையின் பதிவெண். லேபிளில் எந்தக் கற்பனைப் பெயர் இருந்தாலும், கென்டக்கி 16 என்ற எண் ஸ்டிட்செல்-வெல்லரைக் காட்டிக்கொடுக்கும். 113 என்றால் பஃபலோ டிரேஸ்.

பகிர்வும் ஒப்பீடும்

1992இல் பார்ட்ஸ்டவுனில் கென்டக்கி போர்பன் திருவிழா தொடங்கியது. அதிகாரபூர்வ நிகழ்ச்சிகள் ஒருபுறம் இருக்க, ஆர்வலர்களுக்கு உண்மையான விழா இரவில் விடுதி முற்றத்தில் நடந்தது. ஆளுக்கு ஒன்றிரண்டு பாட்டில் கொண்டுவந்து ஒரே மேசையில் வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளலாம். காசு கேட்பதில்லை. மூடி திறக்காத பாட்டிலைக் காட்டிவிட்டு எடுத்துப்போவது மரியாதைக் குறைவு. வர இயலாதவருக்கு 60 மில்லிலிட்டர் குப்பியில் பங்கு போகும்.

லேபிளை மறைத்துச் சுவைக்கும் பழக்கமும் இங்கே வேரூன்றியது. அது பல புகழ்களைக் கலைத்திருக்கிறது. ஒரு காலத்துத் தங்கத்தாள் ஒட்டிய வைல்ட் டர்க்கி 12 வயதுப் பாட்டிலும், ஓல்ட் கிராண்ட்-டாடின் 1987க்கு முந்தைய பாட்டில்களும் பெயர் தெரியாமலே பாராட்டுப் பெறுவதுண்டு. விலை உயர்ந்த இருபது வயதுச் சரக்கு வெறும் மரச்சாறு என்று ஒதுக்கப்படுவதும் உண்டு. பிறகு குழுக்களாக ஆலைக்கே சென்று ஒரு முழுப் பீப்பாயைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் வந்தது. ஒற்றைப் பீப்பாய்ப் போர்பனை 1984இல் ‘பிளாண்டன்ஸ்’ என்ற பெயரில் கொண்டுவந்தவர் வடிப்பாளர் எல்மர் டி. லீ. இரண்டு தானியக் கலவை, ஐந்து ஈஸ்ட், ஆகப் பத்துச் செய்முறை என்று ஃபோர் ரோசஸ் தன் கணக்கை வெளிப்படையாக வைத்தது, ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்குப் பெரும் தீனி.

பழையது வேறு மாதிரி இருக்கிறது என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். வெல்லப்பாகு, வெண்ணெய் மிட்டாய், பழைய தோல், ஈர மண் என்று வர்ணிக்கிறார்கள். காரணங்களில் உறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்று: பீப்பாயில் ஊற்றும்போது இருக்க வேண்டிய உச்ச ஆல்கஹால் அளவு 1962இல் 55 விழுக்காட்டிலிருந்து 62.5 ஆக உயர்த்தப்பட்டது. குறைந்த அளவில் ஊற்றினால் பீப்பாயில் தண்ணீர் அதிகம். மரத்தின் சர்க்கரைகள் தண்ணீரில் நன்கு கரையும். அடைக்கும்போது கலக்கும் தண்ணீரும் குறையும். அதற்குப் பீப்பாயும் கிடங்கும் கூடுதலாகத் தேவை என்பதால் கணக்குப் பார்த்த ஆலைகள் மாறிக்கொண்டன. வைல்ட் டர்க்கி 2004 வரை தாக்குப்பிடித்தது. ஈஸ்ட், மரத்தின் வயது, மக்காச்சோள வகை பற்றியெல்லாம் சொல்லப்படுபவை இந்த அளவுக்கு நிறுவப்பட்டவை அல்ல. ஐம்பது ஆண்டு கார்க் வழியே காற்றுப் புகுந்ததும் சுவையில் ஒரு பங்கு என்று சொல்பவர்களை எளிதில் மறுக்க முடியாது. சரக்கின் மட்டம் கழுத்துக்குக் கீழே இறங்கிய பாட்டிலைத் தேர்ந்தவர்கள் தவிர்க்கிறார்கள். ஐம்பதுகள் முதல் விற்ற அலங்காரப் பீங்கான் குடுவைகளையும் ஈயப் பூச்சுக்கு அஞ்சி ஒதுக்குகிறார்கள்.

விலை ஏறிய பிறகு

1972இல் ஆலை போனாலும் ‘ஓல்ட் ரிப் வான் விங்கிள்’ பெயரை வைத்திருந்த வான் விங்கிள் குடும்பம், ஸ்டிட்செல்-வெல்லரின் மூத்த சரக்கை வாங்கி அடைத்துவந்தது. தாத்தா ‘பாப்பி’யின் படம் போட்ட இருபது வயதுப் பாட்டில் தொண்ணூறுகளில் ஒரு சுவைப் போட்டி அமைப்பிடம் 99 மதிப்பெண் வாங்கியது. 2002இல் பஃபலோ டிரேஸுடன் கூட்டு ஏற்பட்டது; இன்று அந்த லேபிளுக்குள் இருப்பது அங்கே வடித்தது. சில நூறு டாலர் அச்சு விலைப் பாட்டில் கைமாற்றில் ஆயிரக்கணக்கில் போகிறது. 2013இல் பஃபலோ டிரேஸிலிருந்து 200க்கும் மேற்பட்ட வான் விங்கிள் பாட்டில்கள் களவு போனது நாட்டுச் செய்தியானது. அதே ஆண்டு பிப்ரவரியில் தட்டுப்பாட்டைச் சமாளிக்க மேக்கர்ஸ் மார்க் நிறுவனம் தன் போர்பனை 45 விழுக்காட்டிலிருந்து 42 ஆகத் தணிப்பதாக அறிவித்தது. குடிப்பவர்கள் எழுப்பிய கூச்சலில் ஒரு வாரத்தில் முடிவைத் திரும்பப் பெற்றது. என் பார்வையில், இந்தக் கூட்டத்துக்கு வணிகத்தின் மீது கிடைத்த பெரிய வெற்றி அதுதான். பாப்பி விலை ஏறியது தோல்வி. திறக்கப்படாத பாட்டில் பங்குச் சந்தைச் சீட்டாகிவிட்டால் மேசைக்கு வருவது குறையும். காலிப் பாட்டிலில் வேறு சரக்கை நிரப்பி விற்கும் மோசடியும் பெருகியது. அதைத் தடுக்க, காலியானதும் லேபிளைக் கீறிவிடுவோர் உண்டு.

பெயரை இழந்த பொருளை மீட்கும் முயற்சியும் நடக்கிறது. ஹெவன் ஹில் 2018இல் ஓல்ட் ஃபிட்ஸ்ஜெரால்டைக் கண்காணிப்புக் கிடங்குச் சரக்காக, ஐம்பதுகளின் குடுவை வடிவத்தில் மறுபடி வெளியிட்டது. கோதுமைக் கலவைதான், ஆனால் வேறு ஆலை. அசல் குடுவையோடு சேர்த்து வைத்துச் சுவைப்பது இப்போது கூட்டங்களில் வாடிக்கை.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் இல்லாதவர் ஒரு பாட்டிலைக்கூட விற்க முடியாது. அஞ்சல் துறை மதுவை ஏற்பதில்லை. கென்டக்கி 2017இல் ஒரு சட்டம் இயற்றி, 2018 தொடக்கத்திலிருந்து உரிமம் பெற்ற கடைகளும் பார்களும் தனியாரிடமிருந்து பழைய மூடிய பாட்டில்களை வாங்கி விற்க வழிசெய்தது. அதனால் 1950களின் போர்பனை ஒரு அவுன்ஸ் கணக்கில் காசு கொடுத்துக் குடிக்கலாம். மற்றப் பெரும்பாலான இடங்களில் ஒரு தூசிப் பாட்டிலை வைத்திருப்பவர் சட்டப்படி செய்யக்கூடியது இரண்டுதான்: தானே குடிக்கலாம், அல்லது காசு வாங்காமல் நண்பர்களுக்கு ஊற்றிக்கொடுக்கலாம்.