மாம்பலத்து ஏரி

இரண்டொரு நாள் அவகாசத்தில் சென்னையைச் சுற்றிப் பார்த்துச் செல்ல வருகிறவர்களுக்கு நாம் வழக்கமாகக் காட்டுபவை கடற்கரையும் கோபுரமும் ஜவுளிக் கடைகளுமே. திருநெல்வேலிச் சீமையில் குளத்துப் பாசனத்தைக் கவனிக்கும் உத்தியோகத்திலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்ற என் நண்பர் வந்திருந்தபோது, அவற்றோடு, இருந்து மறைந்துபோன ஏரி ஒன்றையும் அவருக்குக் காட்ட வேண்டுமென்று எனக்குத் தோன்றியது.

முதலில் மயிலாப்பூருக்குத்தான் போனோம். புன்னை மரத்தடிச் சந்நிதியில் அம்பிகை மயிலுருக் கொண்டு சிவபூஜை செய்யும் சிற்பத்தை நண்பர் வெகுநேரம் தரிசித்தார். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பூம்பாவைப் பதிகத்தில் மாதந்தோறும் நிகழும் திருவிழாக்களை வரிசைப்படுத்திப் பாடிய கபாலீச்சரமும், பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் கடலோரத்தில் வைத்துப் பாடிய ஆலயமும் இப்போதைய இடத்தில் இருந்திருக்க முடியாது என்பதும், பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் சாந்தோமில் குடியேறிய காலத்தில் பழைய ஆலயம் அழிந்தது என்பதும், இன்றைய கோவில் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்தது என்பதும் சரித்திர ஆசிரியர்கள் பலருடைய அபிப்பிராயம். சாந்தோமில் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகள் அதற்கு அனுகூலமான சாட்சிகளாக இருக்கின்றன. கோவில் இடம் பெயர்ந்தும் வழிபாடு அறுபடவில்லை. பங்குனியில் அறுபத்துமூவர் விழாவன்று மாடவீதிகளில் திரளும் ஜனங்களே அதற்குப் பிரமாணம்.

ஏரிக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை வளைந்து நீண்டு கிடந்த நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் லாங் டேங்க் என்று தம் வரைபடங்களில் குறித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதில் படகுப் பந்தயங்கள்கூட நடந்ததுண்டு. நகரில் குடியிருப்புக்கு இடம் போதாமற்போகவே, 1920இல் இயற்றப்பட்ட நகரமைப்புச் சட்டத்தின் துணையோடு, நீதிக்கட்சி ஆட்சி 1923 முதல் அந்நீரை வடித்துவிட்டு மனைகள் பிரித்துப் புதிய நகரத்தை வகுக்கத் தொடங்கிற்று. 1925இல் காலமான பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரை அது பெற்றது. நடுவே அமைந்த பூங்காவுக்கு 1921 முதல் 1926 வரை முதல் மந்திரியாயிருந்த பனகல் ராஜாவின் பெயரும், மற்றொன்றுக்கு டாக்டர் நடேச முதலியாரின் பெயரும், பிரதான வீதிக்குப் பிற்காலத்தில் சென்னை கவர்னராகவும் தற்காலிகமாக இருந்த முகமது உஸ்மானின் பெயரும் அமைந்தன. பாண்டி பஜார் என்று நாம் சொல்வதிலும் சௌந்தரபாண்டிய நாடார் இருக்கிறார். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்குமிடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின் மாம்பலத்தில் குடியேற ஜனங்கள் தயங்கவில்லை.

பனகல் பூங்காவின் வாசலில், பூக்காரர்களின் கூடைகளுக்கிடையே நின்று இவ்வளவையும் நான் விஸ்தரித்த பின் நண்பர் கேட்டது ஒன்றுதான்: "அதெல்லாம் சரி ஓய், மடை எந்தப் பக்கம்? மறுகால் எங்கே விழுந்தது?"

அவரை மாம்பலம் கால்வாயண்டை அழைத்துச் சென்றேன். வள்ளுவர் கோட்டத்தருகிலிருந்து தியாகராய நகரின் ஊடே வந்து நந்தனத்தில் அடையாற்றோடு சேரும் அக்கால்வாய், இருபுறமும் கான்கிரீட் சுவர் நெருக்க, கறுத்த நீரும் மிதக்கும் குப்பையுமாகக் கிடந்தது. நண்பர் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். வீதியின் சரிவைக் கண்ணாலேயே அளந்தார். மழைநீர் இப்பொழுதும் பழைய பள்ளத்தைத்தான் தேடி வரும் என்றார். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அவ்வீதிகளில் முழங்கால் தண்ணீரில் நடந்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள்.

புதிய நகரை வகுத்தவர்கள் மேல் எனக்குக் குரோதமில்லை. அகன்ற வீதிகளும் பூங்காக்களும் வைத்து, நடுத்தர வகுப்பினர் கௌரவமாக வாழ இடம் செய்தவர்கள் அவர்கள். ஆயினும், வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் கிடைப்பதைச் சேமித்து ஆண்டு முழுவதும் கிணறுகளுக்கு ஊற்றளித்து வந்த ஓர் ஏரியை வெறும் காலி நிலமாகக் கணக்கிட்டதை என் மனம் ஏற்கவில்லை. அதே கணக்குப் பிறகும் நீடித்தது: நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்தில்தான் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடும் நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்டு ரோடும் மட்டும் பழைய கரையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

மாலையில் அடையாற்றைக் கடந்து, 1882 முதல் பிரம்மஞான சபையார் போற்றிவரும் தோப்பைப் பார்த்துவிட்டு, சைதாப்பேட்டை வழியே திரும்பினோம். அர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726இல் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அங்கே ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினார். அப்பாலம் போய் மறைமலையடிகள் பாலம் வந்துவிட்ட போதிலும், அவருடைய கொடையைக் குறிக்கும் கல் அங்கே இன்னும் இருக்கிறது. மாம்பலத்து ஏரிக்கும் பனகல் பூங்காவில் அப்படி ஒரு கல் நாட்டி, அதன் எல்லைகளையும் அது வடிக்கப்பட்ட ஆண்டையும் தமிழில் பொறித்துவைக்க மாநகராட்சியார் முன்வர வேண்டும்.